கடைவேலையும் கல்லூரி வாயிலும்

பயிலும் பருவத்தில் பணியாற்றுதல் நம்மவர்க்குப் புதியதன்று. பகலில் வகுப்பும் மாலையில் கடையுமாக வாழ்ந்து பட்டம் பெற்றோர் நம் சமுதாயத்தில் பலர். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பெரியோருள்ளும் அத்தகையோர் உளர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த வேலையைப் பற்றிப் பேசப் புகும்போது நம்மிடையே ஒரு கூச்சம் வந்து குறுக்கிடுகிறது. பாராட்டு விழா மேடையில் ஒருவரை அறிமுகம் செய்கையில் 'இளமையில் வறுமையோடு போராடி' என்று ஒரே தொடரில் அக்காலத்தைக் கடந்துவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் அவர் எந்தக் கடையில் நின்றார், என்ன விற்றார், எதைக் கற்றார் என்று எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வினை, தொழில், பணி, ஊழியம், வேலை எனத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்க, கடையில் நிற்கும் மாணவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கடைப்பையன்' என்பதே. பெயரிலேயே மதிப்பைக் குறைத்துவிட்ட பிறகு, தான் பார்த்த வேலையை அவன் ஒரு விண்ணப்பத்தில் எழுதத் துணிவானா?

அமெரிக்க நாட்டில் எழுதுகிறார்கள். எழுதும்படி கேட்கவும் செய்கிறார்கள். அங்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுகள் உயர்நிலைப் பள்ளிக் காலம். அக்காலத்தில் உணவகத்தில் தட்டு எடுப்பதும், பேரங்காடியில் பொருள்களைப் பையிலிட்டுத் தருவதும், நீச்சல் குளத்தில் காவலிருப்பதும், அண்டை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகள் இயல்பாகச் செய்யும் வேலைகள். மருத்துவர் மகளும் செய்வாள். லாரி ஓட்டுநர் மகனும் செய்வான். பின்னர்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அவ்வேலைக்குப் படிவத்தில் ஓர் இடம் காத்திருக்கிறது.

1975ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை வகுத்தன. 'காமன் அப்ளிகேஷன்' எனப்படும் அப்படிவத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் மதிப்பெண்ணுக்கும் கட்டுரைக்கும் அப்பால், பாடத்துக்கு வெளியே மாணவர் செய்தவற்றைப் பத்து வரிசைகளில் குறிக்க இடமுண்டு. ஒவ்வொரு வரிசையிலும் வகித்த பொறுப்புக்கு 50 எழுத்துகள். செய்த செயலை விளக்க 150 எழுத்துகள். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற கணக்கு. விளையாட்டு, இசை, நாடகம், சொற்போர் என்று செயல்களை வகைப்படுத்தும் அப்பட்டியலில் 'ஊதியப் பணி' ஒரு தனி வகை. 'குடும்பப் பொறுப்புகள்' மற்றொரு தனி வகை. தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், நோயுற்ற பாட்டியைக் கவனிப்பதும், ஆங்கிலம் அறியாத பெற்றோர்க்காக அலுவலகங்களில் பேசுவதும் இவ்விரண்டாம் வகைக்குள் அடங்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தனிப் படிவத்திலோ இத்தகைய செயல்களுக்கு இருபது இடங்கள். அங்கும் பணி அனுபவம் ஒரு தனிப் பிரிவு.

இதனை மிகைப்படுத்திக் கொள்ளவும் கூடாது. அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்தும் மாணவரை இவ்வாறு நுணுகி நோக்குவன அல்ல. சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள் பள்ளிப் படிப்பை முடித்த பெரும்பாலோர்க்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மதிப்பெண்ணே பெரும்பங்கு முடிவு செய்கிறது. இடங்கள் குறைந்து விண்ணப்பங்கள் மிகுந்த கல்லூரிகளே, சம மதிப்பெண் பெற்ற இருவருள் யாரைக் கொள்வது என்ற தேவையால் மற்றவற்றைப் படிக்கின்றன. அங்கும் மதிப்பெண் குன்றியவரை மளிகைக்கடை தூக்கி நிறுத்திவிடாது.

மளிகைக்கடையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் வணிகவியல் பயின்று, பகுதி ஒன்று தமிழை நம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் இப்போது நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு வாழ்கிறார். சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தவர், நலம் விசாரித்த பின் தயங்கித் தயங்கி ஒரு செய்தி கேட்டார். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள் பதினாறு வயதினள். வார இறுதியிலும் ஒரு மாலையிலும் தன் சாச்சாவின் மளிகைக்கடையில் வேலை பார்க்கிறாள். உறவினர் சிலர், 'அரிசி நிறுத்துக் கொடுத்தேன் என்று எழுதினால் எந்தக் கல்லூரி மதிக்கும்? நமக்குத் தெரிந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் ஊதியமின்றிச் சேர்த்துவிடுகிறோம். படிவத்தில் எழுத அழகாக இருக்கும்' என்று சொல்லியிருக்கின்றனர். 'சார், என்ன செய்யலாம்?' என்றார். அமெரிக்கக் கல்லூரி பற்றித் தமிழாசிரியரிடம் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். நம் மாணவர்க்கு ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்பதொரு நம்பிக்கை. அதைக் காப்பாற்றும் பொருட்டாவது நாம் சிலவற்றைத் தேடிப் படிக்கவேண்டியதாயிற்று.

அந்தப் பெண்ணிடமும் பேசினோம். கடையில் என்ன செய்கிறாய் அம்மா என்று கேட்டதற்கு முதலில் 'சும்மா கல்லாவில் இருப்பேன்' என்றாள். மேலும் கேட்கக் கேட்க விடை விரிந்தது. காலாவதி நாள் நெருங்கும் மசாலாப் பொட்டலங்களைத் தனியே பிரித்து, விலை குறைத்து, முன் வரிசையில் அடுக்கும் முறையை அவளே தொடங்கியிருக்கிறாள். அதனால் வீணாகும் சரக்கு குறைந்திருக்கிறது. மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் முதியவர்கள் ஆங்கிலம் தெரியாமல் கடைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்வாள். சர்க்கரை நோயாளிக்கு எது ஆகாது என்று எடுத்துக்காட்டுவாள். குஜராத்திப் பெண்களிடம் கற்ற சொற்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இத்தனையையும் அவள் 'சும்மா' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டாள்! வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளுக்கு என்ன வேலை என்று வினவினோம். தாள்களைப் படியெடுத்து அடுக்குதல் என்று விடை வந்தது.

நாம் சொன்ன விடை வெளிப்படையானது: கடையிலேயே இருக்கட்டும். சேர்க்கை அலுவலர் ஆயிரக்கணக்கான படிவங்களைப் படிப்பவர். மாமன் மச்சான் செல்வாக்கால் கிடைத்த மூன்று வார அலுவலக நாற்காலி எது, ஈராண்டு உழைப்பு எது என்பதை மணிக்கணக்கும் வாரக்கணக்கும் அவருக்குக் காட்டிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பொருள் அடுக்கியவள் பன்னிரண்டாம் வகுப்பில் புதிய பணியாளருக்குப் பயிற்சி தருகிறாள் என்றால் அவ்வளர்ச்சி தானே பேசும். ஆகவே வேலையின் பெயர் பெரிதா என்று பார்ப்பதைவிட, அங்கே பொறுப்பு வளருமா, ஈராண்டேனும் நிலைத்திருக்க முடியுமா, நம் உழைப்பைக் கண்ணால் கண்டு நான்கு வரி எழுதித்தர மேலாள் ஒருவர் உண்டா என்று பார்த்தலே தகும். ஆசிரியர் பரிந்துரைகளோடு, பணி தந்தவரின் பரிந்துரையையும் கூடுதலாக இணைத்துக்கொள்ளப் பல கல்லூரிகள் இசைகின்றன. ஆனால் சாச்சாவே எழுதினால் எடுபடாது; உறவினர் பரிந்துரையை எவர் நம்புவர்? கடையின் கணக்குகளைப் பார்க்கும் வெளியாரோ, வழக்கமாக வரும் வாடிக்கையாளருள் ஒருவரோ எழுதுவது மேல். சாச்சா என்பதற்காகச் சம்பளமில்லாமல் நிற்கவேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னோம். நடுவண் அரசு 2009இல் நடைமுறைப்படுத்திய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், நியூ ஜெர்சி உள்ளிட்ட பல மாநிலங்களில் அதனினும் மிகுதி.

படிப்புக்குப் பொருந்திய வேலை கிடைத்தால் நன்றே. செவிலியர் கல்வியை நாடுவோர் முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறலாம். இலக்கியம் நாடுவோர் நூலகத்தில் நூல் அடுக்கலாம். ஆசிரியராக விழைவோர் கோடைக்கால முகாமில் சிறுவரை மேய்க்கலாம். கிடைக்காவிட்டால் ஏக்கம் வேண்டா. உணவகத்தின் அடுப்படியில் நின்றவனும் வேதியியல் படிக்கலாம். எண்ணெய் எந்தச் சூட்டில் புகைகிறது என்பதை அவன் நூலுக்கு முன்பே அறிந்திருப்பான்.

மணிக்கணக்கு பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம்மவர் பெரிதும் கவனியாது விடுவது அதையே. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரத்துக்கு மேலும், பள்ளி நடைபெறும் வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேலும் வேலை பார்த்தலாகாது. பள்ளி நாள்களில் மாலை 7 மணிக்குப் பின் அவர்களை நிறுத்திவைத்தலும் ஆகாது. 16, 17 வயதினர்க்கு நடுவண் சட்டத்தில் மணி வரம்பு இல்லை; மாநிலச் சட்டங்கள் வேறுபடும். ஆனால் 18 வயது நிரம்பாத எவரும் இடர் மிகுந்த பணிகளில் ஈடுபடலாகாது. கூரை வேய்தல் அவற்றுள் ஒன்று. இறைச்சி வெட்டும் மின்பொறியை இயக்குதல் மற்றொன்று. அந்தக் கடையில் ஹலால் இறைச்சிப் பிரிவும் இருப்பதால், 'கூட்டம் மிகுந்தாலும் அந்தப் பொறிப்பக்கம் மகள் போகலாகாது' என்று தந்தையாரிடம் வலியுறுத்தினோம். 2023இல் ஆர்கன்சாஸ் மாநிலம் 16 வயதுக்குட்பட்டோர்க்கான பணி அனுமதிச் சான்று தேவையில்லை எனச் சட்டத்தைத் தளர்த்திற்று. பிள்ளைகளின் உழைப்பு மலிவானது என்ற நினைப்பு எந்நாட்டிலும் முற்றாக மறைந்துவிடவில்லை போலும்.

சட்டம் அனுமதிக்கும் அளவு வேறு; படிப்பு தாங்கும் அளவு வேறு. எலன் கிரீன்பர்கர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்னும் உளவியலறிஞர் இருவர் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்ட மாணவரை ஆராய்ந்து 1986இல் ஒரு நூல் வெளியிட்டனர். வாரத்துக்கு இருபது மணியை நெருங்கியும் கடந்தும் உழைக்கும் பிள்ளைகள் படிப்பில் தளர்வதையும், வேலையின்மீதே வெறுப்புக் கொள்வதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். இளமை உழைப்பு நற்பண்பை வளர்க்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்த அமெரிக்கர்க்கு அது அதிர்ச்சியாயிற்று. மறுபுறம் ஜெய்லன் மார்ட்டிமர் என்னும் சமூகவியலறிஞர் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1988 முதல் ஏறத்தாழ ஆயிரம் மாணவரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சிறிது நேரமே எனினும் விடாது தொடர்ந்து பணி செய்தோர் பின்னர்ப் படிப்பிலும் நன்கு முன்னேறினர் என்று அவர் கண்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என நாம் கருதவில்லை. முன்னது அளவு மீறிய உழைப்பைக் கண்டது. பின்னது அளவறிந்த உழைப்பைக் கண்டது. இன்னொன்றும் கூறலாம். நம் நாட்டிலிருந்து மாணவர் விசாவில் அமெரிக்கா செல்லும் பிள்ளை கல்லூரி வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். ஆனால் வகுப்பு நடைபெறும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே அவருக்கு வரம்பு. பட்டப்படிப்பு மாணவருக்கே அதுதான் எல்லை என்றால், பள்ளிப் பிள்ளைக்குப் பத்தும் பன்னிரண்டும் போதாவோ?

விந்தை ஒன்றுண்டு. 1979இல் 16 முதல் 19 வயது வரையிலான அமெரிக்க இளைஞருள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் வேலையிலோ வேலை தேடுவதிலோ இருந்தனர். 2010களில் அது 35 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. கோடை வகுப்புகள் பெருகியதும், முன்பு இளைஞர் செய்த வேலைகளை வயது வந்தோரே நாடி வந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கல்லூரிக்கு அணியாக அமையும் என்று பணம் கட்டிச் சேரும் பயிற்சிகளும் வெளிநாட்டுத் தொண்டுப் பயணங்களும் பெருகின. ஒருவகையில் விண்ணப்பமே வேலையை விழுங்கிற்று. இப்போக்கின் முற்றிய நிலை 2019இல் அம்பலமாயிற்று. தரகர் ஒருவர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளை இல்லாத விளையாட்டு வீரராகப் புனைந்து, போலிப் படங்களும் சேர்த்துப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் நுழைத்த வழக்கு அது. படகு வலிக்கும் துடுப்பைக் கையால் தொட்டறியாதவர் படகோட்டி வீரர் ஆனார்! 2023 ஜனவரியில் அத்தரகருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கு மாற்றான குரலும் அந்நாட்டிலேயே எழுந்தது. 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியைச் சார்ந்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. தம்பி தங்கையரைப் பேணுவதையும், குடும்பத்தின் தேவைக்காக வெளியே சென்று பொருளீட்டுவதையும் கல்லூரிகள் உரிய மதிப்போடு நோக்கவேண்டும் என அது வற்புறுத்திற்று. கல்லூரிகள் பலவற்றின் சேர்க்கை அலுவலர் அதற்கு இசைவு தெரிவித்தனர். அறிக்கை வந்தமையாலேயே வழக்கம் மாறிவிட்டது என நாம் நம்பவில்லை. எனினும் வறிய வீட்டுப் பிள்ளை தன் உழைப்பை மறைக்கவேண்டியதில்லை என்று எழுத்தில் பதிவானதே ஒரு பேறு.

மறைத்தலைப் போலவே மிகுத்தலும் பிழை. பத்து மணியை இருபது என எழுதுவதும், கல்லாவில் நின்றதை 'மேலாண்மை' எனப் புனைவதும் பலர் கையாளும் உத்திகள். படிவத்தின் முடிவில், எழுதியவை அனைத்தும் உண்மை என மாணவர் ஒப்பமிடுகிறார். பொய் எனத் தெரியவரின் கிடைத்த இடமும் பறிபோகும். அதனினும் முக்கியமாக, புனைந்துரை வாசிப்பவரைச் சலிப்பூட்டும். 'காலாவதிச் சரக்கைப் பிரித்து வைத்தேன். முதியோர்க்குப் படித்துச் சொன்னேன்' என்பதில் இருக்கும் உயிர் 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்' என்பதில் இல்லை. 150 எழுத்துக்குள் செய்ததைச் சொல்வதற்கே இடம் போதாதபோது, பண்பைச் சொல்ல இடமேது? நம் வகுப்பில் கட்டுரை எழுதும் மாணவர்க்கும் இதையே நாம் சொல்லி வருகிறோம், அவர்கள் கேட்பதாயில்லை.

இனி நம் நிலத்துக்கு வருவோம். இங்கே கல்லூரி வாயிலைத் திறப்பது மதிப்பெண். பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கலை அறிவியல் கல்லூரிகளில் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும். விளையாட்டு வீரர்க்கும் தேசிய மாணவர் படையினர்க்கும் சிறப்பிடம் உண்டு. வேலை பார்த்த பிள்ளைக்கு எவ்விடத்தும் ஒரு வரியும் இல்லை.

அமெரிக்கரைப் பார்த்து நாமும் வேலைக்கு மதிப்பெண் வழங்கவேண்டும் என்று நாம் கூற வரவில்லை. வழங்கத் தொடங்கினால் மறுநாளே பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் பணிச்சான்று விலைக்குக் கிடைக்கும். இங்கு மதிப்பெண் முறைக்குக் குறைகள் பல உண்டாயினும், குடிசைவீட்டுப் பிள்ளையும் மாளிகைவீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர் என்ற நேர்மை அதில் உண்டு. அதை இழக்க நாம் உடன்படோம். அன்றியும் பள்ளிப் பருவத்து உழைப்பை நம் நாட்டில் பாராட்டிப் பேசுவது இடர் நிறைந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துதல் அறவே குற்றம். பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுதற்கு ஒரு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரையிலானோரை இடர்ப்பணிகளில் ஈடுபடுத்தலாகாது. பீடி சுற்றியும் தோல் பதனிடும் கிடங்கில் நின்றும் பள்ளியை இழந்த தலைமுறைகள் நம் ஊர்களில் உண்டு. அவ்விழப்பை 'அனுபவம்' என்று அழகுபடுத்துவது அறமன்று. அமெரிக்கப் பிள்ளை கைச்செலவுக்கும் படிவத்துக்குமாக வேலையைத் தேர்ந்தெடுக்கிறது. நம் பிள்ளையை வேலை தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

ஆகவே நாம் பேசுவது பதினெட்டு வயதைத் தொட்ட நம் கல்லூரி மாணவரைப் பற்றியே. அவர்களுள் கணிசமானோர் மாலையில் எங்கோ பணியாற்றுகின்றனர். விடியற்காலையில் நாளிதழ் போடுகிறவர், மருந்துக்கடையில் நிற்பவர், ஜவுளிக்கடையில் துணி விரிப்பவர், வெள்ளி ஞாயிறுகளில் விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர் என வகுப்பைக் கூர்ந்து நோக்கினால் தெரியும். முதல் மணியில் தூங்கி வழிபவரை நாம் கடிந்துகொள்கிறோம். அவர் முன்னிரவு எத்தனை மணிக்குக் கடையைச் சாத்தினார் என்று அறியோம். வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது என்ற விதி யாவர்க்கும் பொது. விதி வேண்டும். எனினும் குறைவதற்கு முன்பே காரணத்தை அறிந்தால், காலைப் பிரிவிலிருந்து மாலைப் பிரிவுக்கோ, மாலையிலிருந்து காலைக்கோ ஒருவரை மாற்றிவிடவாவது இயலும்.

நம் துறையில் இளங்கலை பயின்ற ஒருவர் மூன்றாண்டும் மாலை வேளைகளில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். திருமண அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவிப்பு, கடைத்திறப்பு விழாத் துண்டறிக்கை என நாள்தோறும் அவர் கையில் புரண்ட தமிழ் கொஞ்சமன்று. ஒற்று மிகுமிடம் மிகாவிடம் பற்றி வகுப்பில் அவரைக் கேட்டால் நூற்பாவைச் சொல்லமாட்டார், பிழையைச் சொல்லிவிடுவார். முதுகலைச் சேர்க்கைக்கு வேறொரு கல்லூரியில் நேர்காணல். 'தமிழ் சார்ந்த பணி அனுபவம் ஏதும் உண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று நாம் வினவியபோது, 'அது பிரஸ் வேலைதானே சார்' என்றார். மூன்றாண்டு மெய்ப்புத் திருத்தம் தமிழ் சார்ந்ததன்று என்றால் வேறு எது தமிழ் சார்ந்தது? அவர் கூச்சத்துக்கு அவர் மட்டுமே பொறுப்பல்லர். அவர் செய்வது கல்வியோடு சேர்ந்தது என்று இங்கு எவரும் அவருக்குச் சொன்னதில்லை.

மாணவச் செல்வங்கள் வேலையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தால் படிப்பையொட்டித் தேர்ந்துகொள்க. தமிழ் பயில்வோர்க்கு அச்சகமும் கணினித் தட்டச்சு நிலையமும் பதிப்பகமும் உள. வணிகவியல் பயில்வோர் ஒரு கடையின் டாலி கணக்கையும் சரக்கு சேவை வரிப் பதிவையும் நேரில் பார்த்தால், பாடநூலின் பாதி தானே விளங்கும். வேதியியலார்க்கு மருந்துக்கடை. வாய்ப்பில்லையேல் கிடைத்த கடையில் நிற்க. அங்கே கற்பதைக் குறித்து வைக்க. எந்நாள் தொடங்கி எந்நாள் வரை, வாரம் எத்தனை மணி, என்ன பொறுப்பு என்று ஒரு குறிப்பேடு போதும். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அக்குறிப்பேட்டின் பயன் தெரியும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் மாணவர் நிற்கும் கடைகள் பெரும்பாலும் நம்மவருடையன. கல்லூரிக்கு நன்கொடை வழங்கும் கைகளே கடையின் சாவியையும் வைத்திருக்கின்றன. பருவத்தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகிறது. நவம்பர்த் தேர்வைத் தீபாவளி வணிகம் முந்திக்கொள்கிறது; ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால் சில ஆண்டுகளில் பெருநாள் வணிகமும் தேர்வோடு வந்து மோதுகிறது. கடையில் கூட்டம் நெரியும் அதே வாரத்தில்தான் பையனுக்குத் தேர்வு. 'இந்த ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ' என்ற சொல் எத்தனை பேருடைய தாள்களை நிலுவையாக்கியிருக்கிறது என்பதை நம் தேர்வுப் பதிவேடு அறியும். தேர்வுக்குமுன் பத்து நாள் விடுப்பு, வாரத்துக்கு இருபது மணிக்கு மேற்படாத வேலை, மாதம் முடிந்ததும் கையில் ஊதியம், விலகும்போது கடையின் முகவரித்தாளில் ஒரு பணிச்சான்று. இவற்றைத் தருவதால் எந்தக் கடையும் நொடித்துப்போகாது. கடைப்பணியாளர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் நம் மாநிலச் சட்டமே திருத்தப்பட்டது. அந்த இருக்கையில், வாடிக்கையாளர் இல்லாத வேளையில், ஒருவன் பாடநூலை விரித்தால் முதலாளி முகம் சுளியாதிருக்கவும் வேண்டுகிறோம்.

கல்லூரியின் பங்கும் சிறிதே. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி: 'தற்போது பணியாற்றுகிறீரா? எங்கே? வாரம் எத்தனை மணி?' அது மதிப்பெண்ணுக்காக அன்று. சேர்க்கை முடிந்தபின் துறைத்தலைவர் பார்வைக்கு மட்டும். அவ்விடையைக் கொண்டு பிரிவு ஒதுக்கலாம். வேலைக்குச் செல்வோர் பயன்கொள்ளும் நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைக்கலாம். மூன்றாம் ஆண்டின் நடத்தைச் சான்றில் அப்பணியையும் ஒரு தொடரில் குறிப்பிடலாம். துறைக்கூட்டத்தில் இதனை நாம் முன்வைத்தபோது, 'பிள்ளைகள் உண்மையை எழுதமாட்டார்கள். வெட்கப்படுவார்கள்' என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கூறினார். முதல் ஆண்டில் வெட்கப்படுவார்கள் என்பது மெய்யே. அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் ஏப்ரலில் அச்சுக்குச் செல்லும். ஒரு வரி சேர்ப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது.